தர்மாஸ்பத்திரிக் கணினிக்கு ஒரு பத்தாயம்

பேங்கில் ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால் ஊரில் இரண்டு வேலை தேடி வரும். ஒன்று கோயில் திருப்பணிக் கணக்கு. இன்னொன்று குடியிருப்போர் சங்கப் பொருளாளர் பதவி. நான் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஊரின் தர்மாஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் கிடையாது. காலையில் போனால் ஒரு டம்ளர் காபி நிச்சயம்.

வாரத்தில் மூன்று நாள் அங்கே சர்க்கரை நோயாளிகள் வருவார்கள். பெரும்பாலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வரும் விவசாயக் கூலிகள், வயதானவர்கள். கையில் சீட்டு இருக்காது. கேட்டால் மழையில் நனைந்துவிட்டது என்பார்கள், பேரன் கிழித்துவிட்டான் என்பார்கள். அவர்களுடைய பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள், எத்தனை யூனிட் இன்சுலின், காலில் புண் எப்போது வந்தது, எல்லாம் ஆஸ்பத்திரிக் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. டாக்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார். "சார், இன்னிக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு யார் வேணும்னாலும் பார்த்துடலாம். மூணு வருஷமா கிரியேட்டினின் எப்படி ஏறுதுன்னு பார்த்தாத்தான் கிட்னி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்." அதைக் கேட்டபிறகு அந்தக் கணினியைத் தொடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

போன வருடம் ஒரு நல்ல மனிதர் புது சர்வர் ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார். 32 ஜிபி நினைவகம், இரண்டு எஸ்எஸ்டி. பழைய மூன்று கணினிகள் செய்த வேலையையும் இந்த ஒன்றிலேயே செய்துவிடலாம் என்று முடிவானது. இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் வைப்பது போல. நோயாளிகள் பதிவேடு ஒரு குடித்தனம், கணக்கு எழுதும் விண்டோஸ் ஒரு குடித்தனம், ஸ்கேன் செய்த ரிப்போர்ட்டுகள் இன்னொன்று. ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸில் இதைச் செய்யும் கேவிஎம் 2007-லேயே அதன் மையத்தில் சேர்ந்துவிட்டது. அதன்மேல் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போடலாம் என்று நினைத்தேன். நிறுவத் தொடங்கியதுமே அது ஒரு கேள்வி கேட்கிறது. வட்டுகளை எந்த முறையில் வைக்கட்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரக் கதைதான் இது.

நம் வீட்டுப் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டு என்பது வெறும் பலகை. பலகைகளைச் சேர்த்து இத்தனை அறை என்று பிரித்துக் கொடுக்கும் தச்சர்தான் வால்யூம் மேனேஜர். எந்த அறையில் எந்த நெல், எத்தனை மூட்டை என்று எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை ஃபைல் சிஸ்டம். சில முறைகளில் தச்சர் வேறு, கணக்குப்பிள்ளை வேறு. சிலவற்றில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார்.

தச்சர் தனியாக இருக்கும் முறையில் பெயர் பெற்றது எல்விஎம். பேங்கில் நான் ஹெச்பி-யூஎக்ஸ் இயந்திரங்களில் வேலை பார்த்தவன். அதிலிருந்த வால்யூம் மேனேஜரை மாதிரியாக வைத்துத்தான் 1998-ல் ஹெய்ன்ஸ் மௌல்ஸ்ஹாகன் என்பவர் லினக்ஸுக்கு எல்விஎம் எழுதினார். பிவிகிரியேட், விஜிகிரியேட், எல்விகிரியேட் என்று கட்டளைகளின் பெயர்கூட அதேதான். திரையில் அவற்றைப் பார்த்தபோது பழைய ஆபீஸ் சகா ஒருவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தது போல இருந்தது. எளிமையானது, வேகமானது. இருபது வருடத்துக்கு மேல் அடிபட்டுத் தேறியது.

எல்விஎம்மில் 'தின்' என்று ஒரு வகை உண்டு. மெய்நிகர் கணினிகளுக்கு இப்போது அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பேங்க் நண்பர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஓவர்டிராஃப்ட். பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் லிமிட் கொடுக்கிறோம். கல்லாவில் இருப்பது நாலு லட்சம். எல்லோரும் ஒரே நாளில் எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வண்டி ஓடுகிறது. எடுத்துவிட்டால்? தின் பூல் நிரம்பிவிட்டால் உள்ளே இருக்கும் கணினிகளுக்கு எழுத இடமில்லாமல் பிழை வரும், பாதியில் நிற்கும். தினமும் கல்லாவை எண்ணிப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் இது நல்ல முறை.

அறை பிரித்துவிட்டு அதன்மேல் ஈஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் போட்டு, ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் கியூகவ்2 என்ற ஒரே பெரிய கோப்பாக வைப்பது இன்னொரு வழி. இரண்டும் பழகிய கணக்குப்பிள்ளைகள். எக்ஸ்எஃப்எஸ் 1990-களில் சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. பெரிய கோப்புகளுக்குக் கெட்டிக்காரன். ஈஎக்ஸ்டி4-ஐ உலகத்தில் எந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் திறந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பட்டர்எஃப்எஸ் என்று ஒன்று உண்டு. 2007-ல் ஆரக்கிளில் கிறிஸ் மேசன் தொடங்கியது. வீட்டுக் கணினிக்கு நன்றாக இருக்கிறது, ஃபெடோரா 2020-லிருந்து அதையே இயல்பாகத் தருகிறது. ஆனால் மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பை அதில் வைத்தால் சிறு சிறு துண்டாகச் சிதறி வேகம் குறைகிறது. சிதறாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்தால் அந்தக் கோப்புக்குச் சரிபார்ப்புக் கணக்கும் போய்விடுகிறது. எதற்காக அதை எடுத்தோமோ அதுவே இல்லை என்றால் எப்படி? அதனால் அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் நின்றது இசட்எஃப்எஸ். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் தங்கை மகனுக்கு இதுதான் குலதெய்வம். போன் செய்தேன்.

"மாமா, யோசிக்கவே வேண்டாம். இசட்எஃப்எஸ் போடுங்க. ரெண்டு எஸ்எஸ்டியையும் மிர்ரர் பண்ணிடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு நீ சொல்லிடுவடா. ஏன்னு சொல்லு."

அவன் அரை மணி நேரம் சொன்னான். அதன் சாரத்தை நம் பாஷையில் தருகிறேன்.

2001-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக், மாத்யூ ஆரன்ஸ் இருவரும் தொடங்கியது இது. இதில் தச்சரும் கணக்குப்பிள்ளையும் ஒரே ஆள். பேங்க் லெட்ஜரில் நமக்கு ஒரு சட்டம் உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ரப்பர் கூடாது, மேலே எழுதவும் கூடாது. புது வரி எழுத வேண்டும். இசட்எஃப்எஸ்ஸும் அதே மாதிரிதான். பழைய தகவல் இருக்கும் இடத்தின்மேல் எழுதாது. புது இடத்தில் முழுவதையும் எழுதி முடித்தபிறகுதான் 'இனி இதுதான் செல்லும்' என்று மாற்றும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழையது பழையபடியே இருக்கும். பாதி பழையது பாதி புதியது என்ற குழப்பம் வராது. எங்கள் ஊர் மின்சாரத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை போட்டு வேறிடத்தில் எழுதி வைக்கிறது. படிக்கும்போது மறுபடி கூட்டிப் பார்க்கிறது. சாயங்காலம் நாம் கேஷ் டேலி செய்வது போல. டேலியாகவில்லை என்றால் இரண்டாவது வட்டிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் ஆடிட்டர்களோடு பழகியவன் நான். வவுச்சரைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன். பழைய கணினிகளிலிருந்து கழற்றிய இரண்டு ஹார்ட் டிஸ்க் வீட்டில் கிடந்தது. அவற்றை வைத்து மொட்டை மாடி அறையில் ஒரு சோதனை செய்தேன்.

முதலில் சாதாரண லினக்ஸ் ரெய்டு மிர்ரர், அதன்மேல் ஈஎக்ஸ்டி4. பேத்தியின் காதுகுத்துப் படங்களை நகலெடுத்து வைத்தேன். பிறகு ஒரு வட்டில் மட்டும், நடுவில் ஒரு பகுதியில், வேண்டுமென்றே குப்பையை எழுதினேன். திரும்ப இயக்கிப் படங்களைத் திறந்தேன். பல படங்கள் சரியாக வந்தன. சில படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். கணினி ஓர் எச்சரிக்கைகூடச் சொல்லவில்லை. இரண்டு வட்டுகளையும் ஒப்பிட்டுப் பார் என்று கட்டளை கொடுத்தேன். இத்தனை இடத்தில் வித்தியாசம் என்று எண்ணிக்கை சொல்லிற்று. எது நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. சண்டையில் இரண்டு சாட்சி, இருவரும் வேறு வேறு சொல்கிறார்கள், தீர்ப்பு சொல்ல ஆள் இல்லை. வட்டு தானாக 'என்னால் படிக்க முடியவில்லை' என்று சொன்னால் இந்த மிர்ரர் சரியாக அடுத்த வட்டுக்குப் போய்விடும், அதில் குறையில்லை. வட்டு சத்தமில்லாமல் பொய் சொல்லும்போதுதான் சிக்கல்.

அதே வட்டுகளில் இசட்எஃப்எஸ் போட்டு அதே குப்பையை எழுதினேன். எல்லாப் படமும் திறந்தது. நிலவரம் கேட்டால், குறிப்பிட்ட அந்த வட்டின் பெயருக்கு நேராகச் சரிபார்ப்புப் பிழை இத்தனை என்று எண் காட்டியது. 'ஸ்க்ரப்' என்ற கட்டளை கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்துத் திருத்தி முடித்தது. படத்தில் பேத்தி காதைப் பிடித்துக்கொண்டு முழுசாக அழுதுகொண்டிருந்தாள்.

எல்விஎம்மிலும் இந்தச் சரிபார்ப்பைத் தனி அடுக்காகச் சேர்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுக்கு கூடக் கூட, பழுது வந்தால் எந்த அடுக்கில் என்று தேடும் வேலையும் கூடும்.

காதுகுத்துப் படத்தில் சாம்பல் நிறம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். இன்சுலின் 14 யூனிட் என்பது 41 என்று மாறினால் யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வியோடு நான் இசட்எஃப்எஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அதற்கும் செலவு உண்டு. நினைவகம் நிறையக் கேட்கும். பழைய பதிப்புகளை லினக்ஸில் சும்மா விட்டால் பாதி நினைவகம்வரை தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். வரம்பு போட்டு 4 ஜிபியில் நிறுத்தினேன். பத்தாயம் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் மூச்சு வாங்கும், அதனால் இடம் விட்டே வைக்க வேண்டும். எழுதும் துண்டின் அளவும் முக்கியம். தரவுத்தளம் 16 கேபி பக்கமாக எழுதும்போது கீழே 128 கேபி துண்டாக வைத்திருந்தால், ஒரு வரி திருத்த லெட்ஜரின் எட்டுப் பக்கத்தைத் திரும்ப எழுதுவது போல ஆகிவிடும். கியூகவ்2 கோப்பை இதன்மேல் வைப்பதும் தேவையில்லாத இரட்டை வேலை. மெய்நிகர் கணினிக்கு நேரடியாக ஒரு வால்யூம் கொடுத்துவிடுவதே சரி. உரிம விதிகள் ஒத்துப்போகாததால் இது லினக்ஸின் மையத்தில் சேரவில்லை, பக்கத்தில் தனியாகவே வருகிறது. ப்ராக்ஸ்மாக்ஸும் உபுண்டுவும் அதைச் சேர்த்தே தருவதால் நமக்குக் கவலை குறைவு.

வேகத்துக்காக 'உடனே எழுது' என்ற கட்டாயத்தை நிறுத்திவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நிறுத்தினால் கரண்ட் போகும்போது கடைசிச் சில வினாடிகள் எழுதியது காணாமல் போகலாம். டாக்டர் 'சேமித்தாயிற்று' என்று பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். அந்தச் சில வினாடி யாருடைய வினாடி? நான் அதைத் தொடவில்லை. மின்தடை வந்தாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் வகை எஸ்எஸ்டியா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். நன்கொடையாளர் நல்லதாகவே வாங்கியிருந்தார்.

அடுத்து காப்புப் பிரதி. மருமகன் இதிலும் தயாராக இருந்தான்.

"இன்னொரு கம்ப்யூட்டர்லயும் இசட்எஃப்எஸ் போடுங்க மாமா. தினமும் ஸ்னாப்ஷாட் எடுத்து, மாறினதை மட்டும் அனுப்பிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"அது சரிடா. ராத்திரி பத்து மணிக்கு இது நின்னு போச்சுன்னா இங்க யார் இருக்கா?"

"நீங்க இருக்கீங்களே."

"எனக்கு எழுபத்தொண்ணு முடிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. நான் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பேங்கில் லாக்கர் சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்று எழுதி வைத்திருக்கும். அவ்வளவு சாதாரணமான விஷயம்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. 2023 நவம்பரில் இசட்எஃப்எஸ்ஸிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. மிக அரிதான சூழலில், கோப்பை நகலெடுக்கும்போது சில பகுதிகள் வெறும் பூஜ்யமாக வந்தன. சரிபார்ப்புக் கணக்கால் அதைப் பிடிக்க முடியாது. எழுதும்போதே பூஜ்யம் என்று எழுதினால் கூட்டுத்தொகையும் பூஜ்யத்துக்குத்தானே டேலி ஆகும்? 2.2.2 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். இதை வைத்து இசட்எஃப்எஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு யோக்கியமான கணக்குப்பிள்ளைக்கும் ஒரு நாள் ஜுரம் வரும். அசலையும் நகலையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் ஜுரம் வரும்.

எனவே அசல் மட்டும் இசட்எஃப்எஸ். நகல் இருப்பது செயலாளர் வீட்டில், ஒரு சாதாரண வெளி வட்டில், ஈஎக்ஸ்டி4-ல். தினமும் ராத்திரி நோயாளிகள் பதிவேடு வெறும் எழுத்துக் கோப்பாக அங்கே போகிறது. ரிப்போர்ட்டுகள் நோயாளி எண்ணின் பெயரிலேயே தனித்தனிக் கோப்பாகப் போகின்றன. வாரம் ஒருமுறை முழு மெய்நிகர் கணினியின் படியும் போகிறது. ப்ராக்ஸ்மாக்ஸ், இசட்எஃப்எஸ், நான், எதுவும் இல்லாவிட்டாலும் கும்பகோணத்தில் லினக்ஸ் தெரிந்த எந்தப் பையனாலும் அதைத் திறந்து ஒரு நோயாளியின் சரித்திரத்தைப் படித்துவிட முடியும். நோயாளிகள் விவரம் என்பதால் வட்டுக்குக் கடவுச்சொல் பூட்டு உண்டு. கடவுச்சொல் ஒட்டிய கவரில் டாக்டரின் பீரோவில் இருக்கிறது.

ஸ்னாப்ஷாட் எடுத்தாகிவிட்டதே, தனியாக நகல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்னாப்ஷாட் அதே வட்டில்தான் இருக்கும். தவறுதலாக ஒன்றை அழித்துவிட்டால் நேற்றைக்குத் திரும்பிப் போக உதவும். பெட்டியே எரிந்துபோனால் அதுவும் சேர்ந்தே எரியும்.

எண்பதுகளின் கடைசியில், பேங்குகளுக்குக் கம்ப்யூட்டர் புதிதாக வந்த காலத்தில், ஒரு கிளையில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் ஃப்ளாப்பியில் பேக்கப் எடுத்து, தேதி எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. ஒரு வருடம் ஒருநாள்கூடத் தவறவில்லை. வட்டு போன அன்று ஃப்ளாப்பியை எடுத்தால் ஒன்றும் படிக்கவில்லை. எழுதிய டிரைவின் தலை விலகியிருந்தது. அது எழுதியதை வேறு எந்த டிரைவாலும் படிக்க முடியவில்லை. பேப்பர் வவுச்சரை வைத்துக்கொண்டு பதினாறு பேர் இரண்டு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்தோம். பூட்டி வைத்ததை யாரும் ஒருமுறை திறந்து பார்க்கவில்லை.

அதனால் புது சர்வர் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும், விடுமுறை நாள் ஒன்றில் ஆஸ்பத்திரியில் ஒரு பரீட்சை வைத்தேன். எழுத வேண்டியவர், பதிவு மேஜையில் இருக்கும் பெண். பி.காம். படித்தவர், லினக்ஸ் என்ற பெயரைக்கூட அதற்குமுன் கேட்டதில்லை. தமிழில் இரண்டு பக்கம் கையால் எழுதிய குறிப்பை அவரிடம் கொடுத்து, "சர்வர் போயிடுச்சுன்னு வச்சுக்கம்மா. இந்தப் பழைய கம்ப்யூட்டர்ல நேத்திய பதிவேட்டைக் கொண்டு வா" என்றேன்.

"நான் எப்படி சார்..."

"நான் வாயே திறக்க மாட்டேன். காபி குடிச்சுட்டு இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

ஐம்பது நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் பதிவேடு திறந்தது. ஒரு நோயாளி எண்ணைத் தட்டி, மூன்று வருடக் கிரியேட்டினின் வரிசையைக் காட்டிவிட்டு, "இந்தப் பாட்டி வெள்ளிக்கிழமை வந்தாங்க சார், கரெக்டா இருக்கு" என்றார். பிறகு குறிப்பை எடுத்து, வட்டைச் செருகச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் 'பின்பக்கம், நீல நிற ஓட்டை' என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

அன்று மாலை மருமகனிடம் சொன்னேன். சிரித்தான். "அப்போ நீங்க தேவையே இல்லை மாமா" என்றான். "அதுக்குத்தான்டா இவ்வளவும்" என்றேன்.

எது வேகம், எது புதுசு என்று இணையத்தில் ஆயிரம் பேர் சண்டை போடுகிறார்கள். போடட்டும். என் அனுபவத்தில் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். கெட்டுப்போனால் அது என்னிடம் சொல்லுமா? ஒரே வியாதி அசலையும் நகலையும் சேர்த்துப் பிடிக்குமா? நான் இல்லாத அன்று அதைத் திறக்கப் போவது யார்? சர்வர்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகளின் கல்யாணப் படம் இருக்கும் அந்த ஒற்றை ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே கேள்விகள்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து ஒருமுறை திறந்து பாருங்கள். முடிந்தால் நீங்கள் தொடாமல், வீட்டில் வேறு யாரையாவது திறக்கச் சொல்லிப் பாருங்கள்.